ஏழு வளைவில் கூர்மையாகும் எக்ஸ்ரே

ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது ரேடியோ தொலைநோக்கி. தொலைதூர ரேடியோ கேலக்ஸிகளிலிருந்து 1970 முதல் அது பிடித்துவரும் அலைகள் பெரும்பாலும் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சுதான். ஒளிவேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான், காந்தப்புலத்தில் வளையும்போது உமிழ்வது அது. விண்வெளியில் காந்தப்புலம் மெலிது என்பதால் ரேடியோ அலையாக வருகிறது. வலுவான காந்தங்களுக்கு நடுவே அதே எலக்ட்ரானைச் சுற்றவிட்டால் எக்ஸ்ரே கிடைக்கும். இந்தூரில் 172.5 மீட்டர் சுற்றளவுள்ள இண்டஸ்-2 வளையம் அதைத்தான் செய்கிறது.

இப்படிப்பட்ட வளையங்களை உலகெங்கும் புதுப்பிக்கிறார்கள். இன்னும் பிரகாசமான எக்ஸ்ரே வேண்டும் என்பதே காரணம். எலக்ட்ரான்களை அதிகமாக ஊற்றினால் ஆயிற்று என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. எலக்ட்ரான் கற்றை எவ்வளவு ஒல்லியாக, சிதறாமல் ஓடுகிறது என்பதில்தான் பிரகாசம் இருக்கிறது.

சிதறல் எங்கே பிறக்கிறது? வளைவில். அங்கே ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒளித்துகள்களைத் தன் போக்கில் உமிழ்ந்து கொஞ்சம் ஆற்றலை இழக்கிறது. ஆற்றல் குறைந்தது சற்று அதிகமாக வளையும், பாதை விலகும், பிறகு இருபுறமும் அலையத் தொடங்கும். கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்குத் தெரியும்: கொண்டை ஊசி வளைவில் ஆளாளுக்கு ஒரு பக்கம் சாய்வார்கள். அதே திருப்பத்தைச் சின்னச் சின்ன வளைவுகளாகப் பிரித்து, நடுநடுவே கம்பியைப் பிடித்து நிமிர நேரமும் கொடுத்தால் யாரும் யார் மேலும் விழமாட்டார்கள். அந்தக் கம்பியின் வேலையைக் குவிக்கும் காந்தங்கள் செய்கின்றன. கணக்கும் தாராளமானது: ஒரு வளைவின் கோணத்தைப் பாதியாக்கினால் சிதறல் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

ஸ்வீடனின் மேக்ஸ் 4 என்ற எலக்ட்ரான் வளையம் இந்த வழியில் முதலில் இறங்கியது. பிரான்சின் கிரெனோபிளில் 844 மீட்டர் வளையத்தை 2018 டிசம்பரில் நிறுத்தி, அதே சுரங்கத்துக்குள் பழைய காந்தங்களைக் கழற்றினார்கள். 32 பிரிவுகள்; ஒவ்வொன்றிலும் முன்பு இரண்டு வளைவு, இப்போது ஏழு. வளைக்கும் காந்தங்கள் பல, மின்சாரமே கேட்காத நிரந்தரக் காந்தங்கள். கிடைமட்டச் சிதறல் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கானது. 2020 ஆகஸ்டில் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள்.

இதற்கு விலை உண்டு. காந்தங்கள் நெருங்கிக்கொள்ள, குழாய் குறுகுகிறது. வழி தவறும் எலக்ட்ரானைப் பொறுத்துக்கொள்ளும் இடமும் சுருங்குகிறது. எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாகத்தான் ஓடும்; அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் 2023-இல் நிறுத்திப் புதுப்பித்த வளையத்தில், எலக்ட்ரான் குறைந்து தேய்ந்த கொத்தில் கொஞ்சம் சேர்த்து நிரப்ப முடியாது. முழுக் கொத்தையும் வெளியே தள்ளிவிட்டுப் புதியதை உள்ளே விடுகிறார்கள். எனக்கு இந்த முழுப் பொறியியலிலும் மிகத் துணிச்சலான இடம் இதுதான்.

இவ்வளவும் எதற்கு? நீலகிரித் தோட்டங்களில் நிற்கும் தேயிலைச் செடியையே எடுத்துக்கொள்வோம். அமில மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி முற்றிய இலையில் சேர்க்கும் செடி அது. பெரும்பாலான பயிர்களுக்கு அலுமினியம் நஞ்சு. இது மட்டும் எங்கே ஒளித்துவைக்கிறது? இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் உள்ள இதேபோன்ற சின்க்ரோட்ரான் வளையத்தில் தேயிலையின் குறுக்கு வெட்டை எக்ஸ்ரேயால் புள்ளி புள்ளியாக வருடிப் பார்த்தபோது, மேல்தோல் செல்களின் சுவரில் அது குவிந்திருப்பது தெரிந்தது. கற்றை ஒல்லியானால் அந்தப் புள்ளியில் விழும் ஒளி கூடும். அதே படத்தை இன்னும் நுணுக்கமாக, குறைந்த நேரத்தில் எடுக்கலாம். அந்த ட்ரியெஸ்ட் வளையத்தையும் புதுப்பிப்பதற்காக 2025-இல் நிறுத்திவிட்டார்கள். அங்கே ஒரு பிரிவுக்கு ஆறு வளைவு.