எம்.சி.பி. விழாமலே பிளக் கருகுவது எப்படி?

கீசர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பின் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் இளகியிருக்கும். மற்ற பின்கள் புதுசு போலவே இருக்கும். “எம்.சி.பி. போட்டிருக்கோமே, ஏன் விழலை?” என்பதுதான் வீட்டுக்காரர்களின் முதல் கேள்வி. கரன்ட் அளவுக்கு மீறினால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச்தான் எம்.சி.பி.; அப்படி அணைவதைத்தான் விழுவது என்கிறோம். பள்ளியில் படித்த ஓம் விதியிலேயே பதில் இருக்கிறது.

230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் இழுப்பது 8.7 ஆம்பியர். வோல்ட்டேஜைக் கரன்ட்டால் வகுத்தால், தண்ணீரைச் சுடவைக்கும் காயிலின் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கிடைக்கும்: சுமார் 26.5 ஓம். சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு தளர்ந்து, அங்கே அரை ஓம் கூடிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக (சீரீஸில்) இருப்பதால் மொத்தம் 27 ஓம், கரன்ட் 8.5 ஆம்பியராகக் குறைகிறது. எம்.சி.பி. கவனிப்பது கரன்ட் கூடுகிறதா என்பதை. இங்கே குறைந்துதான் இருக்கிறது, அது எப்படி விழும்? கரன்ட் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி.யும் கண்டுகொள்ளாது, போன கரன்ட் கசியாமல் முழுசாகத் திரும்பி வருகிறதே.

சூட்டின் கணக்கு வேறு. கரன்ட்டை அதே கரன்ட்டால் பெருக்கி ரெசிஸ்டன்ஸால் பெருக்க வேண்டும்: 8.5 × 8.5 × 0.5 = சுமார் 36 வாட். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதற்கும் மேற்பட்ட சூடு ஒரு பின்னின் முனையில் இறங்குகிறது. சூட்டில் தகடு விறைப்பை இழக்கும், மேலே ஆக்ஸைடு படியும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும். பிளக் இளகும்வரை இது நிற்காது.

0.75 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்ட 10 மீட்டர் எக்ஸ்டென்ஷனிலும், போக வர 20 மீட்டருக்கு, ஏறக்குறைய அதே அரை ஓம்தான். ஆனால் சூடு நீளம் முழுக்கப் பரவுவதால் ஒயர் வெதுவெதுப்போடு நிற்கும். மீதியைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் இளகும். கீசரை எக்ஸ்டென்ஷனில் போடவே கூடாது. 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருக விற்கிறார்களே கன்வெர்ட்டர், அதுவும் வேண்டாம்.

‘லோ வோல்ட்டேஜில் கரன்ட் அதிகமாக இழுத்து எரிந்தது’ என்பார்கள். மோட்டாருக்கு அது சரி, கீசருக்குப் பொருந்தாது. 200 வோல்ட்டில் கீசர் இழுப்பது சுமார் 7.5 ஆம்பியர்தான், தண்ணீர் சுட நேரமாகும், அவ்வளவுதான்.

டெஸ்டர் எரிவதை வைத்து இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். அதற்குத் துளிக் கரன்ட் போதும். கரன்ட் ஓடாத இடத்தில் வோல்ட்டேஜ் இறக்கமும் தெரியாது. மல்ட்டிமீட்டரும் லோடு இல்லாதபோது 230 என்றே காட்டும். கீசர் ஓடும்போது எலெக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டியிலிருந்து (டி.பி.) 15 மீட்டர் தள்ளி, 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இறக்கம் 2 வோல்ட் சுமாருக்குத்தான் இருக்க வேண்டும். 6, 7 வோல்ட் என்றால் வழியில் ஏதோ ஓர் இணைப்பு லூஸ்.

நீங்களாகப் பார்க்க, கீசர் கால் மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவிவிட்டு, அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் அந்தச் சாக்கெட்டை அதற்குப் பிறகு பயன்படுத்தாதீர்கள்.

மாற்றும்போது பிளக் டாப், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தளர்ந்த தகடு புதுப் பின்னையும் கருக்கிவிடும். மெயினை அணைத்து, கறுத்த ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, இழைகளை முறுக்கி, இன்சுலேஷன் ஸ்க்ரூவுக்குள் மாட்டாமல் முடுக்க வேண்டும். கருகிய முனையில் டேப் சுற்றி ஒப்பேற்றினால் அரை ஓம் அங்கேயே இருக்கும். பெரிய எம்.சி.பி. போடுவது இதற்கு மருந்தே இல்லை. ஒயருக்கு இருக்கிற காவலும் போய்விடும்.