அந்தக் கோடுகள் எந்தக் கிழங்கு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

மெல்பர்னில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் ஒரு படம் இருக்கிறது. எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். கறுப்புத் தளத்தின்மேல் வெறும் வெள்ளைக் கோடுகள், வளைந்து, கிளை பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் போகின்றன. முதன்முறை பார்க்கிறவர்கள் சிக்குப்பிடித்த நூல் என்பார்கள். 1995-இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரே வரைந்த அந்தப் படத்தில் இருப்பது ஒரு கிழங்கு.

நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டரில் இருக்கும் யூட்டோப்பியா பகுதியில், ஆங்கிலத்தில் பென்சில் யாம் என்று சொல்லப்படும் அந்தக் கொடி தரையோடு படர்கிறது. அந்தப் பகுதியின் அன்மட்யெர் மொழியில் அதன் பெயர் அன்வெர்லார். பெயரில் யாம் இருந்தாலும் நம் வள்ளிக்கிழங்கு வகை இல்லை. உளுந்து, பாசிப்பயறு இவற்றின் பேரினமான விக்னாவைச் சேர்ந்த பயற்றுக்கொடி. விரல் தடிமனில் வேர் பருத்துக் கிழங்காகும். தோண்டியெடுத்துச் சுடுசாம்பலில் வாட்டித் தின்பார்கள். கொடி காய்ந்து மறைந்த பிறகு, மண்ணில் விழும் வெடிப்புதான் கிழங்கு எங்கே என்று காட்டிக்கொடுக்கும். அந்தப் படத்தின் கோடு வேராகவும் இருக்கிறது, நிலத்தின் வெடிப்பாகவும் இருக்கிறது. பெண்களின் சடங்கான அவெல்யேயில் மார்பிலும் தோளிலும் இழுக்கும் பட்டைக்கோடுகளும் அதில் இருக்கின்றன. ‘காமே’ என்பதே அந்தக் கொடியின் விதைக்கும் பூவுக்கும் உரிய பெயர். அவர் தன் பெயரைத்தான் வரைந்துகொண்டிருந்தார் என்றாலும் தவறில்லை. 1977 முதல் பாத்திக் (மெழுகு தடவிச் சாயமேற்றும்) துணியில் வேலை செய்தவர், எண்பதை நெருங்கும் வயதில்தான் கான்வாஸுக்கு வந்தார். 1996-இல் இறந்தார்.

இந்தப் பழங்குடி ஓவியங்களில் வரும் உணவுச் செடிகளில் நமக்குத் தூரத்துச் சொந்தங்கள் நிறைய. ‘புஷ் பொட்டேட்டோ’ என்கிற கிழங்கு சர்க்கரைவள்ளியின் இனம். ‘புஷ் பிளம்’ ஒன்று சந்தனமரத்தின் இனம். ‘புஷ் டொமேட்டோ’, நம் கத்தரி, சுண்டை குடும்பம்: சாம்பல் பூத்த இலை, ஊதாப் பூ, செடியிலேயே உலர்ந்து திராட்சை வற்றல் மாதிரி சுருங்கும் பழம். பழத்தை அரைத்து உருண்டை பிடித்துச் சேமித்தும் வைப்பார்கள். தீப்பட்ட நிலத்தில் மழை விழுந்தால் இந்தச் செடி அமோகமாக வரும். நிலத்தடி வேரிலிருந்தே அடுத்தடுத்த செடி முளைக்கும். ஓவியத்தில் சிறு வட்டங்களைக் கோடுகள் இணைத்துக்கொண்டே போவது ஏன் என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும்.

ஒரு எச்சரிக்கை. படத்தைப் பார்த்துக் காட்டில் பழம் பறிக்கப் போகாதீர்கள். புஷ் டொமேட்டோவின் பேரினமான அதே சொலானத்தில் நச்சுக்காய்கள் பல உண்டு. உண்ணத்தக்கதுகூடக் காயாக இருக்கும்போது ஆகாது. இந்த ஓவியங்கள் தாவரவியல் படங்கள் அல்ல. ஏற்கெனவே செடியைத் தெரிந்தவர்களுக்காக வரையப்பட்டவை. கடைகளில் ‘இலை ஓவியம்’ என்று விற்கும் வீச்சுத்தூரிகைப் படங்களும் பெரும்பாலும் உணவுச் செடி இல்லை, மருந்துச் செடி. அந்தப் பாணியால்தான் குளோரியா பெட்யாரே பெயர் பெற்றார், 1999-இல் நிலக்காட்சி ஓவியத்துக்கான வின் (Wynne) பரிசும் வாங்கினார்.

குறியீடுகளைப் படிப்பது பெரிய வித்தை இல்லை. மேலிருந்து நிலத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். லாட வடிவம், மண்ணில் உட்கார்ந்தவர் எழுந்துபோன பின் பதிந்திருக்கும் தடம். அதன் பக்கத்தில் நீள்வட்டமும் நேர்கோடும் இருந்தால், கூலமன் என்கிற மரத்தொட்டியும் தோண்டுகோலும். அப்படியானால் உட்கார்ந்திருப்பது பெண். ஈட்டியோ பூமராங்கோ இருந்தால் ஆண். ஒன்றுக்குள் ஒன்றாக வரும் வட்டங்கள் நீர்நிலை, முகாம், அல்லது கிழங்கே. எது என்பதை வரைந்தவர் சொல்லாமல் முடிவு செய்ய முடியாது. பாதியைச் சொல்லமாட்டார்கள் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1971-இல் நடு ஆஸ்திரேலியாவின் பாபுன்யா என்ற பழங்குடிக் குடியிருப்பில் பலகைகளில் வரையத் தொடங்கியபோது, வெளியாருக்குக் காட்டக்கூடாத சடங்கு விவரங்களும் சிலவற்றில் வந்துவிட்டன. சர்ச்சை எழுந்தபின் அவற்றைத் தவிர்ப்பதும் புள்ளிகளால் மறைப்பதும் வலுத்தன.

‘நம்ம கோலம் மாதிரியே இருக்கே’ என்பது தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. புள்ளியைத் தாண்டி ஒற்றுமை அதிகமில்லை. எந்தக் கோலத்தையும் யாரும் போடலாம். இங்கே ஒரு கிழங்கின் கதையை வரைய உரிமை வேண்டும். நடு ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களிடம் தந்தைவழியில் உரிமையுள்ளவர் கிர்டா. தாய்வழியில் வந்து, கதை சரியாக வரையப்படுகிறதா என்று மேற்பார்க்கிறவர் குர்துங்குர்லு. பக்கத்து ஊர்க்காரர் என்பதற்காக அதே கிழங்கை வரைந்துவிட முடியாது. ஆகவே கடையில் முதல் கேள்வி ‘என்ன விலை’ அல்ல. யார் வரைந்தது, எந்த மொழிக்குழு, எந்த ஊர், எந்தச் செடி என்று கேளுங்கள். ‘பழங்குடி பாணி’ என்று மட்டும் பதில் வந்தால் அது துணிக்கடைப் பிரிண்டுக்குச் சமம். 2022-இல் ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தப் பாணி நினைவுப்பொருட்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கும் மேல் போவது போலிகளுக்கு.

பெயரிலும் ஏமாறுகிறார்கள். உங்வாரே, பெட்யாரே இவையெல்லாம் நம் ஊர் இனிஷியல் போலவோ மேலைநாட்டுக் குடும்பப் பெயர் போலவோ இல்லை. உறவுமுறைப் பிரிவின் பெயர்கள். ஒரே பெயர் பல நூறு பேருக்கு இருக்கும். ‘உங்வாரே கிழங்கு ஓவியம்’ என்று சீட்டில் இருந்தால் முழுப்பெயர் கேளுங்கள்.

காகிதங்களில் பார்க்க வேண்டியவை: ஓவியர்களே நடத்தும் கலை மையத்தின் சான்றிதழ், அதில் உள்ள பட்டியல் எண், அதே எண் கான்வாஸின் முதுகில் எழுதியிருக்கிறதா என்பது. ஓவியரும் படமுமாக எடுத்த புகைப்படம் கூடுதல் துணை. அது மட்டும் இருந்தால் போதாது. ஆஸ்திரேலியாவின் மறுவிற்பனை விதியும் தெரிந்திருக்கட்டும். 1000 டாலரும் அதற்கு மேலும் போகும் வணிக மறுவிற்பனையில் 5 சதவீதம் ஓவியருக்கோ, அவர் இறந்து 70 ஆண்டுவரை வாரிசுகளுக்கோ சேரவேண்டும். 2010 ஜூன் 9-க்கு முன் வாங்கிய படத்தை அந்தத் தேதிக்குப் பிறகு முதல்முறை விற்கும்போது இது கிடையாது. அடுத்த விற்பனையிலிருந்து உண்டு.

வாங்கியபின் நடக்கும் சேதம்தான் அதிகம். கான்வாஸ் பெரும்பாலும் குழாயில் சுருட்டி வரும். வந்த அன்றே பிரித்து, வண்ணம் மேலே இருக்க, சாதாரண அறைச் சூட்டில் இரண்டொரு நாள் மேசையில் கிடத்துங்கள். அக்ரிலிக் குளிரில் விறைக்கும். குளிர்காலக் காலையில் விறைத்த சுருளை வெடுக்கென்று விரித்தால் விரிசல் விடும். வெயிலில் நிறுத்திய காரில் இளகி, தன்மேலேயே ஒட்டும். மறுபடி சுருட்ட நேர்ந்தால், குறைந்தது 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், வண்ணம் வெளிப்பக்கம், இடையில் சிலிக்கான் பூசிய ஒட்டாத காகிதம். பபிள் ராப்பை வண்ணத்தின்மேல் நேராகச் சுற்றினால் குமிழ் குமிழாகத் தடம் பதியும். அதை எடுப்பது லேசில்லை.

சட்டம் போடும் கடையில்தான் கண் வேண்டும். விளிம்பை நான்கு சென்டிமீட்டர் மடித்து உள்சட்டத்தில் அடித்தால், 60 சென்டிமீட்டர் அகலப் படம் முன்னால் 52 ஆகிவிடும்; கடைசி வரிசைப் புள்ளிகளும் ஒரு கிழங்கின் நுனியும் பக்கவாட்டுக்குப் போய்விடும். ஓரம் காலியாக விடாமல் வரைந்த படமென்றால், பின்புறம் பட்டைத்துணி சேர்த்து அதை மடிக்கச் சொல்லுங்கள். ஸ்டேப்ளர் பின் அடிப்பது முதுகில்தான், பக்கவாட்டில் வேண்டாம். முதுகில் உள்ள எண்ணும் பெயரும் கட்டைக்கு அடியில் மறைவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் மேல் என்று திணறத் தேவையில்லை; தரையில் விரித்து நான்கு பக்கமும் சுற்றி உட்கார்ந்து வரைந்த படத்துக்கு மேல், கீழ் பெரும்பாலும் இல்லை. சான்றிதழில் அம்புக்குறி இருந்தால் மட்டும் அதன்படி.

மாட்டும் இடத்தில் நம் வீடுகளுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. அக்ரிலிக் மேற்பரப்பு லேசாகப் பிசுபிசுக்கும். தாளிப்புப் புகையின் எண்ணெயும் சாம்பிராணிக் கரியும் அதில் படிந்தால் துடைத்து எடுக்க முடியாது. சமையலறைக்கும் பூஜை அலமாரிக்கும் எதிர்ச்சுவர் வேண்டாம். தூசுக்கு மென்மையான உலர்ந்த தூரிகை. ஈரத்துணி கூடவே கூடாது.

வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டிலும் திவி தீவுகளிலும் மரப்பட்டையில் காவி மண்ணால் வரைந்தவை வேறு ஜாதி. திவி ஓவியங்களில் வரும் பெரிய வட்டங்களில் பல, குலாமா சடங்கைச் சேர்ந்தவை. மழைக்காலம் முடியும் தறுவாயில், காய்வள்ளி இனத்தைச் சேர்ந்த, அப்படியே தின்றால் நஞ்சான கிழங்கை ஊறவைத்துச் சுடுவதைச் சுற்றி நடக்கும் சடங்கு அது. 2012-இல் திவி ஓவியர் டிமோத்தி குக்குக்குப் பழங்குடிக் கலைக்கான டெல்ஸ்ட்ரா விருது பெற்றுத் தந்த படத்தின் பெயரும் குலாமாதான். பட்டையை மழைக்காலத்தில் உரித்து, தீயில் வாட்டி, பாரம் வைத்துத் தட்டையாக்குவார்கள். காற்றின் ஈரம் மாறினால் அது திரும்பவும் வளையப் பார்க்கும். ஏசி காற்று நேரே படும் சுவரில் மாட்டாதீர்கள், பசை போட்டுப் பலகையில் ஒட்டாதீர்கள், விளிம்பைத் தாங்கும் கொக்கிகள் போதும். காவித்துணுக்கு உதிர்ந்தால் ஊதாமல், துடைக்காமல், உதிர்ந்ததை ஒரு காகித உறையில் போட்டு, எந்த மூலையிலிருந்து விழுந்தது என்று மேலே எழுதிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.