டிஸ்க் பிரேக்கை டைட் வைப்பது யார்?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பாவின் பழைய வண்டியில் இரண்டு சக்கரமும் டிரம் பிரேக். அடிக்கடி நட்டைத் திருகி டைட் வைக்க வேண்டும். என் வண்டியில் முன்னால் டிஸ்க். வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, யாரும் டைட் வைத்ததே இல்லை. லீவர் முதல் நாள் மாதிரியே பிடிக்கிறது. டிஸ்க் பிரேக் தேய்வதே இல்லையா?"

தேய்கிறது, நன்றாகவே தேய்கிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ, வேகம் மணிக்கு 60 கி.மீ. என்றால், இயக்க ஆற்றல் ஏறக்குறைய 28,000 ஜூல். பிரேக் பிடித்து நிறுத்தும்போது அதில் பெரும்பகுதி, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கிலும் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளிலும் சூடாக இறங்குகிறது. அந்த 28,000 ஜூலையும் 100 மில்லி தண்ணீருக்குக் கொடுத்தால், டிகிரி காபிக்கு டிகாக்ஷன் இறக்கும் அளவுக்குச் சுட்டுவிடும். ஒரே ஒரு தடவை நிறுத்துவதற்கே இவ்வளவு. நடவு மாதங்களில் டிராக்டர் வயலிலிருந்து ரோட்டுக்கு இழுத்து வரும் சேறு காய்ந்து, புழுதியாகிப் பேடுக்கு நடுவே புகுந்தால் தேய்மானம் இன்னும் கூடும்.

பிறகு லீவர் ஏன் தளரவில்லை? பாஸ்கல் விதி பள்ளியில் படித்ததுதான்: கைப்பிடியில் இருக்கும் சின்ன பிஸ்டனை அழுத்தினால், சக்கரத்தருகே, டிஸ்க்கைக் கவ்வியபடி இருக்கும் காலிபர் என்ற உறைக்குள் உள்ள பெரிய பிஸ்டன் பேடை டிஸ்க்கின் மேல் தள்ளும். சின்னதற்கு 12 மி.மீ. விட்டம், பெரியதற்கு 30 மி.மீ. என்றால் விசை 6 மடங்குக்குக் கொஞ்சம் மேலே. (பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று பெரிய வண்டியின் 14 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரை, அதாவது கைப்பிடியில் அந்தச் சின்ன பிஸ்டன் இருக்கும் உருளையை, வாங்கி மாட்டுகிறார்கள். லீவர் கிண்ணென்று இருக்கும். ஆனால் அதே கை அழுத்தத்துக்குப் பிடிமானம் கால் பங்கு குறைந்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.)

தள்ளியது சரி, பிஸ்டனைத் திரும்ப இழுப்பது எது? டிரம்மில் ஸ்பிரிங் இருக்கிறது. காலிபரைப் பிரித்துப் பார்த்தால் பிஸ்டனை இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. இருப்பது ஒரு ரப்பர் வளையம் மட்டும். தண்ணீர் மோட்டாரில் போடும் ஓ-ரிங் மாதிரி உருண்டையாக இருக்காது; குறுக்கே வெட்டினால் சதுரமாகத் தெரியும். காலிபரின் உள்சுவரில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்து, பிஸ்டனை இறுக்கிப் பிடித்திருக்கும். இயந்திரங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முன்கைத் தோல்மேல் ஒரு விரலை அழுத்தி வைத்து, மெல்ல நகர்த்திப் பாருங்கள். தோலும் கூடவே வரும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். இன்னும் கொஞ்சம் தள்ளினால், தோல் வரக்கூடிய மட்டும் வந்துவிட்டு நின்றுவிடும். விரல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு முன்னே போகும். இப்போது விட்டாலும் தோல் திரும்புகிற தூரம் முன்பு திரும்பிய அதே தூரம்தான்.

வளையம் செய்வதும் இதையே. பிஸ்டன் வெளியே நகரும்போது ரப்பரின் உள் விளிம்பு அதோடு ஒட்டிக்கொண்டு சாய்கிறது. லீவரை விட்டதும் நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு உள்ளே இழுத்துக்கொள்கிறது. டிஸ்க் உராயாமல் சுற்ற அந்த இடைவெளி போதும். பேடு தேய்ந்து, பிஸ்டன் இன்னும் கொஞ்சம் முன்னே போக வேண்டியிருந்தால், ரப்பர் சாயக்கூடிய அளவுக்குச் சாய்ந்து நிற்க, மீதித் தூரத்தைப் பிஸ்டன் வழுக்கிக் கடந்துவிடும். திரும்பி வருவது என்னவோ பழைய தூரம் மட்டுமே. தேய்ந்த அளவுக்குப் பிஸ்டன் முன்னேறிவிடுகிறது, இடைவெளி மாறுவதில்லை. வாசகரின் வண்டியில் ஒவ்வொரு பிடிக்கும் நட்டைத் திருகிக்கொண்டிருந்தது இந்த வளையம்தான்.

பிஸ்டன் முன்னேறினால் பின்னால் காலி இடம் உண்டாகும் இல்லையா? கைப்பிடியில் இருக்கும் குப்பியிலிருந்து திரவம் இறங்கி அதை நிரப்புகிறது. பிஸ்டன் 4 மி.மீ. நகர்ந்தால் ஏறக்குறைய 3 மில்லி. ஆகவே குப்பியில் மட்டம் மெல்ல மெல்ல இறங்குவது பேடு தேய்வதன் கணக்கு.

இந்தத் திரவத்தை நம் ஊரில் எல்லோரும் "பிரேக் ஆயில்" என்கிறோம். அந்தப் பெயர்தான் வினை. நம் வண்டிகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 எதுவும் எண்ணெய் இல்லை, கிளைக்கால் வகைத் திரவங்கள். வளையத்தின் ரப்பர் இவற்றுக்கென்றே தேர்ந்தெடுத்தது. இன்ஜின் ஆயிலோ டீசலோ பட்டால் ஊறி உப்பிவிடும். எனக்கே நேர்ந்தது. பிஸ்டன் இறுகியிருக்கிறது, வழுக்கட்டும் என்று ஒரு பட்டறையில் இன்ஜின் ஆயிலைத் தடவி மாட்டிக் கொடுத்தார்கள். சில வாரம் கழித்து தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிறேன். வெண்ணாற்றுப் பாலம் தாண்டும்போதே வண்டி இழுக்கத் திணறியது. குடமுருட்டி வருவதற்குள் முன்சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை. இறங்கித் தள்ளினால் சக்கரம் உருள மறுத்தது. பிரித்துப் பார்த்தபோது வளையம் தொளதொளவென்று பருத்துப் பள்ளத்தை விட்டுப் பிதுங்கியிருந்தது. நிமிர்ந்து பிஸ்டனை இழுக்க அதனிடம் தெம்பே இல்லை.

திருஷ்டி பட்டுவிட்டது, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடு என்றார் வீட்டில் ஒரு பெரியவர். அவர் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மெக்கானிக் பையனுக்குப் பாஸ்கல் விதியைப் பரீட்சைக்காகச் சொல்லிக் கொடுத்தவர்கள், வளையத்தைக் கண்ணில் காட்டவில்லை. என் கோபம் அங்கேதான். காயலான் கடையில் பழைய காலிபர் மலிவாகக் கிடைக்கும். குறுக்கே அறுத்து, டெல்டாவின் ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஒன்று வைக்கலாம்.

வாசகருக்கு: குப்பியில் மட்டம் குறைந்திருந்தால் உடனே மேலே ஊற்றாதீர்கள். எங்கும் கசிவு இல்லையென்று பார்த்துவிட்டு, டார்ச் அடித்துப் பேடைப் பாருங்கள். அதில் வெட்டியிருக்கும் கோடு மறைந்திருந்தால் மாற்றுங்கள். பிஸ்டனின் வெளியே தெரியும் பகுதியில் சேறு இருந்தால் முதலில் துடைத்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் தடிமனான புதுப் பேடுக்கு இடம் விடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, காணாமல் போன அந்த 3 மில்லி தானாகவே குப்பிக்கு ஏறி வரும்.