ஆஷா பணியாளரா? பயிற்சியையும் மாதக் கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில் ஆஷா என்று சொன்னால் பலருக்குப் புரியாது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, நீலகிரி, கடம்பூர் பக்கம் போனால் எல்லாருக்கும் தெரியும். கர்ப்பிணியைப் பதிவு செய்ய, பிரசவத்துக்கு அழைத்துப் போக, பிறந்த குழந்தையை வீட்டுக்கே வந்து பார்க்க, காசநோய் மாத்திரை தர ஆஷா என்ற ஒரே ஒரு பெண்தான் ஊருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார்.

2005-ல் தேசிய ஊரக நல்வாழ்வு இயக்கத்தோடு வந்த ஏற்பாடு இது. ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா, மலைப்பகுதியில் குடியிருப்புக்கு ஒருவர். காகிதத்தில் அவர் 'தன்னார்வலர்'. அதனால் சம்பளம் கிடையாது, செய்த வேலைக்கு ஊக்கத்தொகை மட்டும். வரலாறு இவ்வளவு போதும்.

சம்பளம் என்றால் மாதம் முடிந்ததும் வந்துவிடும். ஊக்கத்தொகை அப்படி வராது. ஒவ்வொரு வேலைக்கும் தனி விலை, தனிப் படிவம், கிராம சுகாதாரச் செவிலியரின் கையெழுத்து, அதற்கு மேல் ஒரு சரிபார்ப்பு. இதில் எங்கே ஒன்று விட்டுப்போனாலும் அந்த மாதம் அந்தப் பணம் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பாஸ்புக்கில் குறைவாக ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

மாதந்தோறும் வரும் வழக்கமான தொகையையே எடுத்துக்கொள்வோம். 2018 அக்டோபரிலிருந்து இது 2,000 ரூபாயாக இருந்தது. 2025-ல் மத்திய அரசு இதை 3,500 ஆக உயர்த்தியதாக நாடாளுமன்றத்தில் சொன்னது. பலர் இதை ஒரே மொத்தமாகத் தரும் தொகை என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அந்த 2,000 எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள். குடும்பப் பட்டியல், பிறப்பு இறப்புப் பதிவு, தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகள், கர்ப்பிணிகள், குடும்ப நலத் திட்டத்துக்குரிய தம்பதியர் என்று ஐந்து பதிவேடுகளுக்குத் தலா 300. கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளுக்கு 200. கிராம சுகாதாரக் குழுக் கூட்டத்துக்கு 150. ஆரம்ப சுகாதார நிலைய மாதக் கூட்டத்துக்கு 150. ஒரு பதிவேட்டைப் புதுப்பிக்கவில்லை என்று செவிலியர் குறித்துவிட்டால் அதற்கான பணம் போயிற்று. ஆகவே தொகை குறைந்தால் "ஏன் குறைந்தது" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "எந்த இனத்தில் குறைத்தீர்கள்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சமாதானம்தான் கிடைக்கும், இரண்டாவதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த மாதக் கூட்டத்தைப் பற்றி. ஆஷாக்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிற ஒரே இடம் பெரும்பாலும் இதுதான். வழிகாட்டுதலின்படி இங்கே வேலையில் வந்த சிக்கலைப் பேச வேண்டும், மருந்துப் பையில் தீர்ந்ததை நிரப்ப வேண்டும், பாக்கிப் பணத்தைத் தீர்க்க வேண்டும். நடப்பது என்ன? இலக்கு எட்டவில்லை என்று ஒரு மணி நேரம் திட்டு, ஒரு டீ, கையெழுத்து, கடைசிப் பஸ். மலையிலிருந்து பாதி நாள் செலவழித்து இறங்கி வருகிற பெண்களுக்கு இதுதான் ஆதரவு என்றால் என்ன சொல்ல.

ஆனாலும் கூட்டத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். போகும்போது போன மாதம் கொடுத்த படிவத்தின் நகலை எடுத்துப் போங்கள். எது பாஸ் ஆனது, எது நிறுத்தப்பட்டது, காரணம் என்ன, இந்த மூன்றையும் எல்லார் முன்னாலும் கேளுங்கள். தனியாக மேசைக்குப் போய்க் கேட்டால் "அடுத்த மாதம் வாம்மா" என்பார்கள். பத்துப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பார்கள். இதைப் பலமுறை பார்த்தாயிற்று. கூட்டத்துக்கு முன்பே ஒரு வாட்ஸப் குழுவில் யாருக்கு எது பாக்கி என்று எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்தக் குழுவில் அதிகாரிகள் வேண்டாம். அவர்களுக்கு அவர்களுடைய குழு இருக்கிறது.

அப்புறம் பயிற்சி. சேர்ந்தவுடன் 8 நாள் அறிமுகப் பயிற்சி. அதன்பின் 6, 7-ம் தொகுப்புகள், நான்கு சுற்றாக மொத்தம் 20 நாள். பச்சிளங்குழந்தையை எடை போடுவது, காய்ச்சல் பார்ப்பது, ஆபத்து அறிகுறிகளைக் கண்டுபிடிப்பது எல்லாம் இங்கேதான் வருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொற்றா நோய்களுக்குத் தனிப் பயிற்சி.

முதல் பொறி: விலகிய ஒருவருக்குப் பதிலாகச் சேர்ந்தவர்கள். "அடுத்த பேட்ச் வரும்போது சொல்றோம், இப்ப வேலையைப் பாருங்க" என்று பையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பேட்ச் வருவதே இல்லை. சேர்ந்த முதல் மாதத்திலேயே 'எனக்கு அறிமுகப் பயிற்சி இன்னும் தரப்படவில்லை' என்று வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். நாளை உங்கள் பகுதியில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் முதலில் கைகாட்டப்படுவது நீங்கள்தான். அன்றைக்கு அந்த முத்திரை பேசும்.

இரண்டாவது: பயிற்சி நாளுக்குப் பயணப்படியும் தினப்படியும் உண்டு, அதைப் பயிற்சி நடக்கும் இடத்திலேயே தர வேண்டும் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே விதி. கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்காக வைத்த விதி அது. "அக்கவுன்ட்டில் போடுவோம்" என்று சொன்னால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டுவிட்டால் பணம் வாங்கியதாகத்தான் அர்த்தம்.

மூன்றாவது: சான்றிதழ். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக ஆஷாக்களுக்குத் தேர்வு உண்டு. இரண்டு தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் தேறினால் 5,000 ரூபாய். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பெயர்ப் பட்டியல் மாவட்டத்திலிருந்து போக வேண்டும். யாரும் கேட்காவிட்டால் பட்டியலும் போகாது.

இனி, அதிகம் ஏமாறுகிற இடத்துக்கு வருவோம்: பிறந்த குழந்தையை வீட்டில் போய்ப் பார்ப்பது.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்த்தால் 250 ரூபாய். வீட்டிலேயே பிறந்திருந்தால் முதல் நாளும் பார்க்க வேண்டும். ஆறு தடவை மலையேறி இறங்குவதற்கு 250 என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த 250-க்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. தாய்சேய் அட்டையில் பிறப்பு எடை எழுதியிருக்க வேண்டும், தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பிறப்புப் பதிவாகியிருக்க வேண்டும், 42-ம் நாளில் தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். ஐந்தாவது தடவைவரை ஓடி ஓடிக் கவனித்து, பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்பி வைத்து, குழந்தை பிழைக்காமல் போனால் உங்கள் உழைப்புக்குக் காசு இல்லை. எழுதியவர் எந்த மலையிலும் நடந்ததில்லை போலிருக்கிறது.

பிறப்புப் பதிவு தாமதம்தான் இதில் அதிகம் இடிக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி (PICME) எண் இல்லையென்றால் பிறப்புச் சான்று இழுக்கும், சான்று இழுத்தால் உங்கள் 250 இழுக்கும். ஆகவே கர்ப்பம் தெரிந்தவுடனே எண் வாங்கிவிடுங்கள். அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய மகப்பேறு உதவிக்கும் அந்த எண்தான் கேட்பார்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று: தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஏழு மாதம் வரை நீங்கள் பார்த்த பெண் வளைகாப்பு முடிந்து வேறு வட்டாரத்துக்குப் போய்விடுவார். பிரசவத்தை அங்கே இருக்கிறவர் பார்ப்பார், அல்லது அங்கே ஆஷாவே இருக்கமாட்டார். கடைசியில் "கேஸ் உங்களுடையது இல்லை" என்று இரண்டு பேரையும் திருப்பி அனுப்புவார்கள். மருத்துவமனைப் பிரசவத்தை ஊக்குவிக்கும் ஜனனி சுரக்ஷா திட்டத்தில் கிராமப்புற ஆஷாவுக்கு உள்ள 600 ரூபாய் இரண்டு பாதி: கர்ப்பகால கவனிப்புக்கு 300, மருத்துவமனைப் பிரசவத்துக்கு 300. முதல் பாதி உங்களுடையது. அந்தப் பெண் கிளம்புவதற்கு முன்பே தாய்சேய் அட்டையின் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு, செவிலியரிடம் அந்தப் பகுதிக்கான கையெழுத்தை வாங்கிவிடுங்கள். போகிற ஊரின் பணியாளர் எண்ணையும் தேடி வாங்கிக் கொடுங்கள். மாதக் கூட்டத்தில் பழகிய தொடர்பு இங்கேதான் கைகொடுக்கும்.

இதே 600-ல் இன்னொரு குழி. தமிழ்நாடு இந்தத் திட்டத்தில் 'நன்றாகச் செயல்படும் மாநிலம்'. அதனால் இங்கே வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள், பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் ஆகியோரின் பிரசவம்தான் கணக்கில் வரும். மலையில் எல்லாருமே பழங்குடிதானே என்று நினைக்கலாம். சாதிச் சான்றிதழ் எங்கே? தாலுகா அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. சான்றிதழ் இல்லாத குடும்பம் என்றால் வறுமைக்கோட்டுப் பட்டியல் எண் இருக்கிறதா என்று கர்ப்பப் பதிவின்போதே பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு தேடினால் கிடைக்காது.

வங்கி விஷயம். ஆதாரில் கணவர் இனிஷியல், பாஸ்புக்கில் அப்பா இனிஷியல். இது ஒன்றே போதும், மாதக்கணக்கில் பணம் திரும்பிப் போக. இரண்டையும் ஒன்றாக்குங்கள். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் போகும். மகளிர் குழுக் கடனுக்காக எப்போதோ திறந்த கணக்கில் உங்கள் பணம் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

காப்பீடு: பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா, சுரக்ஷா பீமா என்ற இரண்டு திட்டங்களிலும் ஆஷாக்களுக்கான பிரீமியத்தை 2018 முதல் அரசே கட்டுவதாக ஏற்பாடு. முதலாவதில் எப்படி இறந்தாலும் 2 லட்சம், இரண்டாவதில் விபத்தில் இறந்தால் 2 லட்சம். முதலாவதில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும். அலுவலகப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதை நம்பாதீர்கள். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-ல் தொடங்குகிறது. ஜூனில் வங்கிக்குப் போய் உங்கள் கணக்கில் பாலிசி இருக்கிறதா, வாரிசு யார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். சொல்லாமல் போனவர்களின் குடும்பம் கோரிக்கையே கொடுக்காமல் விட்டிருக்கிறது.

பத்தாண்டு வேலை பார்த்து விலகினால் 20,000 ரூபாய் என்று இருந்ததை 2025-ல் 50,000 ஆக்கியதாக அறிவித்தார்கள். இதில் கேட்கப்போகும் முதல் காகிதம், நீங்கள் எப்போது சேர்ந்தீர்கள் என்பதற்கான சான்று. ஆரம்பத்தில் தேர்வானவர்கள் பலர் கிராம சபைத் தீர்மானத்தில் வந்தவர்கள், நியமனக் கடிதம் என்று ஒன்று கையில் இருக்காது. தீர்மான நகல், அறிமுகப் பயிற்சிச் சான்று, முதல் ஊக்கத்தொகை ஏறிய பாஸ்புக் பக்கம் ஆகியவற்றை இன்றே தேடி எடுத்து வையுங்கள். பயிற்சிச் சான்று காணாமல் போயிருந்தால் பயிற்சி நடந்த ஆண்டைச் சொல்லி வருகைப் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் பெண் தன்னார்வலர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நீங்கள் வந்தது மகளிர் சுய உதவிக் குழு வழியாக, வேலை வாங்குவது சுகாதாரத் துறை. பணமோ பயிற்சியோ தாமதமானால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது எளிது. நீங்கள் அலையாதீர்கள். ஒரே மனுவை இரண்டு அலுவலகத்துக்கும் முகவரியிட்டு ஒரே நாளில் கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் பணம் வராவிட்டால்? ஆஷாக்களுக்கு மாவட்ட அளவில் குறைதீர் குழு இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் அது கூடுகிறதா என்பது வேறு கதை. வாய்ச்சொல்லாகப் போகாமல் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டம், அல்லது முதலமைச்சர் உதவி எண் 1100. அதிகம் வேலை செய்வது தகவல் உரிமை மனுதான். பத்து ரூபாய்க் கோர்ட்டு ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைக் குறுக்கி எழுதுங்கள்: இந்த மாதத்தில் இந்தப் பெயரில் வந்த கோரிக்கைப் படிவம் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தொகை அனுமதிக்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, மறுத்தவர் பதவி என்ன. "எனக்கு நியாயம் வேண்டும்" என்று எழுதினால் "தகவல் இல்லை" என்று திருப்பிவிடுவார்கள்.

கடைசியாக, பலர் வெளியே சொல்லாதது. படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதை வைத்தே பாலியல் தொல்லை கொடுத்தால், "நீ ஊழியர் இல்லை, தன்னார்வலர்தானே, எங்கே புகார் செய்வாய்" என்ற மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, தன்னார்வமாக வேலை செய்கிறவரையும் ஊழியர் என்றே சொல்கிறது. அலுவலகத்தில் உள்புகார்க் குழு இல்லையென்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். எழுத உதவி தேவைப்பட்டால் குழுவே உதவ வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.