டிரம் கிளம்பும்போது எஞ்சின் ஏன் முனகுகிறது?

பழைய வட ஆற்காட்டின் தோல் பதனிடும் ஊர்களான ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால், ஆளைவிட உயரமான மர டிரம்கள் சுற்றுவதைப் பார்க்கலாம். உள்ளே ஈரத்தோலும் தண்ணீரும் டன் கணக்கில் கிடக்கும். 2012 வாக்கில் மின்வெட்டு கொடிகட்டிப் பறந்த நாட்களில் இப்படிப்பட்ட டிரம்களுக்கு டீசல் ஜெனரேட்டரே கதி. சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் ஒருமுறை முனகும், விளக்கு மங்கும், புகைபோக்கி கறுப்பாகத் துப்பும். அப்புறம் எல்லாம் பழையபடி. அந்த ஓரிரு நொடிக்குள் நிறைய நடந்து முடிந்திருக்கும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் நான்கு துருவ ஆல்டர்னேட்டர் அதைத் தர, எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓட வேண்டும். டிரம்மைச் சுற்றும் மோட்டாரோ நேரடியாகக் கிளம்பினால், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். சுமை ஏறியதும் வேகம் விழும். உடனே டீசலைக் கூட்ட வேண்டும். அதுதான் கவர்னரின் வேலை.

பழைய கவர்னரில் இருப்பது சுழலும் குண்டுகளும் ஒரு ஸ்பிரிங்கும். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினுக்குக் கொண்டுவந்த அதே வித்தைதான். வேகம் குறைந்தால் குண்டுகள் ஒடுங்கும். ஸ்பிரிங், டீசல் பம்ப்பில் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான 'ரேக்'கைத் தள்ளி டீசலைக் கூட்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டிய டீசல் கூடியபடியே இருக்க, குண்டுகளும் ஒடுங்கியபடியே இருக்க வேண்டும். அதற்கு வேகம் குறைந்தே இருக்க வேண்டும். அதனால்தான் சுமையில்லாமல் 52 ஹெர்ட்ஸ் காட்டும் ஜெனரேட்டர் செட், முழுச் சுமையில் 50-க்கு இறங்கி நிற்கிறது. இந்தச் சரிவை 'டிரூப்' என்பார்கள்.

எலெக்ட்ரானிக் கவர்னரில் குண்டு கிடையாது. ஃப்ளைவீல் பற்களுக்கு எதிரே, விரல் நீளத்தில் ஒரு காந்த பிக்கப், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பு தரும் சென்சார். 120 பல் என்றால், 1500 சுற்றில் நொடிக்கு 3000 துடிப்பு. அதில் 30 குறைந்தாலே வேகம் ஒரு சதவீதம் விழுந்துவிட்டது என்று கன்ட்ரோலருக்குத் தெரிந்துவிடும். ரேக்கை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் கரண்ட்டைக் கூட்டும், ரேக் நகரும். பிழை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் அது கணக்கில் சேர்த்துக்கொண்டே வரும். அந்த நினைவு இருப்பதால் சுமை ஏறியபிறகும் வேகத்தைச் சரியாக 1500-க்கே மீட்டுவிடும். திருத்தும் அவசரத்தை அளவுக்கு மீறி வைத்துவிட்டால் மட்டும் எஞ்சின் ஏறி இறங்கி ஊஞ்சலாடும். மெக்கானிக்குகள் சொல்லும் 'ஹண்டிங்' இதுதான்.

ரேக்கை முழுதாகத் திறந்தாலும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளச் சற்று நேரமாகும். காற்றில்லாத டீசல்தான் அந்தக் கறுப்புப் புகை. விளக்கு மங்குவதில் பாதி திட்டமிட்டது: வேகம் ரொம்ப விழுந்தால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஏ.வி.ஆர். வேண்டுமென்றே வோல்டேஜைக் குறைக்கும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஹீட்டர் போன்ற சுமை 19 சதவீதம் இறங்கும். எஞ்சின் மூச்சு வாங்கிக்கொள்ளும்.

சரி, ஒரு செட் போதவில்லை, எலெக்ட்ரானிக் கவர்னர் உள்ள இரண்டை இணைக்கிறோம். வேடிக்கையே இங்கேதான். இணைத்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே ஹெர்ட்ஸ். ஒன்றில் 50.0, மற்றதில் 50.1 என்று வைத்திருந்தால், பின்னது 'வேகம் போதாது' என்று டீசலைக் கூட்டிக்கொண்டே போகும். முன்னது 'அதிகம்' என்று குறைத்துக்கொண்டே வரும். இரண்டுமே பிடிவாதக்காரர்கள். கடைசியில் ஒன்று மொத்தச் சுமையையும் சுமக்கும். மற்றது மோட்டாராகிச் சுமப்பவனிடமே கரண்ட் வாங்கிச் சுற்றும். அப்போது, கரண்ட் இப்படித் திரும்பி வருவதைக் கண்டுபிடிக்கும் ரிவர்ஸ் பவர் ரிலே அதைக் கழற்றிவிடும்.

குறை என்று நினைத்த டிரூப் இங்கே கைகொடுக்கிறது. சுமை கூடும்போது இரண்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தானாகவே பங்கு பிரியும். ஹெர்ட்ஸும் அசையக் கூடாது என்றால் லோடு ஷேரிங் யூனிட் வேண்டும். ஒவ்வொரு செட்டும் தன் கிலோவாட்டை அளந்து, இரண்டு ஒயர் வழியே மற்றதோடு ஒப்பிட்டு, வேகத்தை இம்மி அளவு திருத்திக்கொள்ளும்.

இத்தனைக்கும் கண் அந்தச் சின்ன பிக்கப்தான். பல்லுக்கும் அதற்கும் 1 மில்லிமீட்டருக்குள்தான் இடைவெளி விடுவார்கள். அதன் ஒயர் அறுந்து சிக்னல் நின்றால், வேகம் பூஜ்யம் என்று நினைத்து டீசலைக் கொட்டாமல், கன்ட்ரோலர் எஞ்சினையே நிறுத்திவிடும். நல்ல டீசல், நல்ல பேட்டரி, ஆனாலும் செட் கிளம்பவில்லை என்றால் அனுபவசாலி மெக்கானிக் முதலில் கை வைப்பது அங்கேதான்.