பாராசிட்டாய்டு: கொல்லொட்டுண்ணி

பாராசிட்டாய்டு என்னும் பூச்சிக்கு வேளாண் கையேடுகளில் ஒட்டுண்ணி என்றே பெயர். காங்கேயம் மாடு வளர்ப்பவர் காதில் அது மாட்டுண்ணியாகத்தான் விழும். உண்ணி ரத்தம் குடித்தாலும் மாடு பொதுவாகப் பிழைத்துக்கொள்ளும். பாராசிட்டாய்டு, தான் வளரும் பூச்சியை உயிரோடு விடாது. இந்த வேறுபாட்டுக்காகவே 1913இல் பின்லாந்துப் பூச்சியியலாளர் ராய்ட்டர் இச்சொல்லை ஆக்கினார். கிரேக்கத்தில் பாராசிட்டோஸ் என்றால் பிறர் பந்தியில் அண்டி உண்பவர். 'ஆய்டு' என்றால் போன்றது.

ஒட்டுண்ணிக் குளவி என்றும் சொல்கிறார்கள். பெரும்பாலானவை குளவிகள்தாம். ஆனால் பட்டுப்புழு மனையைப் பாழாக்கும் ஊசி ஈயும் இந்த வகையே. எனவே கொல்லும் களிற்றைக் கொல்களிறு என்பதுபோல, கொல்லொட்டுண்ணி என்பதே சரி.

கீழைப் பழ ஈயை எடுத்துக்கொள்வோம். கொங்குக் கொய்யாவுக்கும் மாவுக்கும் அது பழைய பகை. 1940களில் ஹவாயிலும் 2003இல் கென்யாவிலும் புதிதாய் நுழைந்தது. காய் முற்றும் தறுவாயில் தோலுக்கடியில் முட்டையைச் செருகும். ஃபோபியஸ் அரிசானஸ் என்னும் ஆசியக் குளவி அந்த முட்டையைத் தேடிப்பிடித்து அதற்குள் தன் முட்டையை வைக்கும். ஈயின் புழு வழக்கம்போலப் பழத்தைத் தின்று, துள்ளி விழுந்து, ஓரிரு அங்குல மண்ணுக்கடியில் கூட்டுப்புழுவாகும். கூட்டைப் பிளந்து வருவது ஈயல்ல, குளவி. ஆகவே ஈ தாக்கிய பழம் தப்பாது. அடுத்த தலைமுறை ஈதான் குறையும்.

உதிர்ந்த பழத்தை இரண்டடி ஆழத்தில் புதைத்தால் ஈ சாகும், குளவியும் சாகும். இதற்கு ஹவாயில் கண்ட வழி வலைக்கூடாரம்: குளவி வெளியேறும், ஈ சிக்கிக்கொள்ளும் கண் அளவில் வலை. உள்ளே நான்கு அங்குலம் மணல் பரப்பி, வலை ஓரத்தை மண்ணில் புதைக்க வேண்டும். இடுக்கு இருந்தால் புழு நழுவிவிடும். உதிர்ந்த பழத்தை உள்ளே பரப்பிப் போட வேண்டும், குவிக்கக் கூடாது. சாறு தேங்கினால் புழு மூழ்கும், உள்ளிருக்கும் குளவியும் போகும். கடைசிப் பழம் போட்டபின் ஒரு மாதமாவது பிரிக்காதீர்கள். குளவி ஈயைவிடத் தாமதமாகவே வரும்.

மாலத்தியான் பூச்சிமருந்தைத் தோப்பு முழுக்க அடித்தால் குளவியும் மிஞ்சாது. கொய்யாவில் ஏக்கருக்கு 10 மெத்தில் யூஜினால் பொறி போதும். அது ஆண் ஈயை மட்டும் இழுக்கும். அதையே பாகல் பந்தலில் கட்டிப் பயனில்லை. அங்கே வருவது வேறு ஈ, அதற்குக் க்யூ லூர் என்னும் கவர்ச்சிப் பொருள் வேண்டும்.