சேண அடிவிரிப்பு: சொல்லும் பொருளும்

குதிரையின் முதுகுக்கும் சேணத்துக்கும் இடையே இடப்படும் விரிப்பை ஆங்கில வழக்கையொட்டி ‘சேடில் பேட்’ என்று சொல்லிவருகிறோம். வியர்வையை உறிஞ்சுவதும், உராய்வைத் தணிப்பதும், சேணத்தின் தோலில் உப்பும் அழுக்கும் படியாமல் காப்பதும் அதன் பணிகள். தமிழில் இதைச் சேண மெத்தை, சேணத் துணி, சேண விரிப்பு எனப் பலவாறாக எழுதுகிறார்கள். எப்படி அழைத்தால் என்ன என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மெத்தை என்ற சொல்லைக் கேட்டதுமே தடிப்பு மிகுந்தால் சுகமும் மிகும் என்ற எண்ணம் எழுந்துவிடுகிறது. குதிரையின் முதுகு புண்ணாவதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம்.

வரலாற்றில் விரிப்பு மூத்தது, உள்ளே விறைப்பான சட்டம் வைத்த சேணம் அதற்கு மிகவும் பிந்தியது. பண்டைய கிரேக்கர் வெறும் முதுகிலோ, ஒரு துணியை விரித்து அதன் மீதோ அமர்ந்துதான் குதிரை ஏறினர். அந்தத் துணிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘எஃபிப்பியோன்’. ‘குதிரை மேல் இருப்பது’ என்பது அதன் நேர்ப்பொருள். சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னுமிடத்துப் புதைகுழிகளின் உறைபனிக்குள், 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகக் கெடாமல் கிடந்த கம்பளிச் சேண விரிப்புகள் கிடைத்துள்ளன. மயிரை நனைத்து அழுத்தி இறுக்கிய அத்தகைய கம்பளிக்குப் பாரசீகத்தில் ‘நமத்’ என்று பெயர். அது இந்துஸ்தானியில் ‘நம்தா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று ‘நம்னா’ ஆனது. சேணத்தின் வடிவத்துக்கே வெட்டித் தைத்த விரிப்பை ஆங்கிலேயர் இன்றும் நம்னா என்றுதான் குறிப்பிடுகிறார்கள். சதுரமாக வெட்டியது வேறு வகை. ‘பேட்’ என்ற சொல்லோ, 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் படுப்பதற்கான வைக்கோல் கட்டைக் குறித்தது. மெத்தை என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

தமிழில் சேணத்துக்குச் சொற்பஞ்சமே இல்லை. தேரையும் புரவியையும் பூட்டி ஆயத்தமாக்குவதைப் பழைய இலக்கியம் ‘பண்ணுதல்’ என்றது. வடமொழியின் ‘பர்யாணம்’ பிராகிருதத்தின் வழியே வந்து ‘பல்லணம்’ ஆயிற்று. பாரசீக ‘ஜீன்’ நம்மிடம் ‘ஜீனி’ எனப் புழங்கியது. கலணை என்ற சொல்லும் உண்டு. எல்லாவற்றையும் விஞ்சி இன்று நிலைத்திருப்பது சேணம். ஆனால் இவை யாவும் ஏறுபவர் அமரும் இருக்கையைக் குறிப்பவை. அதன் அடியில் கிடப்பதற்குப் புதிதாக ஒரு பெயரை ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தலையணை, பஞ்சணை போல ‘முதுகணை’ என்று ஆக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஓசை நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் அணை என்பதும் மென்மையையும் தடிப்பையுமே நினைவூட்டுகிறது. ‘துணி’ மெல்லியதற்குப் பொருந்தும், தடித்த கம்பளிக்கும் செம்மறித்தோலுக்கும் பொருந்தாது. ‘சும்மாடு’ பொருளால் மிக நெருங்கிய சொல். என்றாலும் தலைச்சுமையோடு அது பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது. விரிப்பு என்ற சொல்லில் மட்டுமே, சுருக்கமில்லாமல் பரவிக் கிடக்க வேண்டும் என்ற செயல்முறையும் அடங்கியிருக்கிறது. அது கிடக்கும் இடத்தையும் சேர்த்துச் ‘சேண அடிவிரிப்பு’ என்பதே தகுந்தது என்று கருதுகிறேன். சேணத்துக்கு அடங்கியது, அதன் குறையை மறைக்க வந்ததன்று என்பதையும் அப்பெயர் உணர்த்திவிடுகிறது.

இந்தக் கடைசிக் கருத்துதான் விரிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கும் அடிப்படை. முதலில் சேணம் விரிப்பில்லாமலேயே முதுகில் பொருந்த வேண்டும். நன்றாகப் பொருந்திய சேணத்தின் கீழ் தடித்த விரிப்பை நுழைப்பது, அளவான செருப்புக்குள் இரண்டு சோடி கம்பளிக் காலுறைகளோடு காலைத் திணிப்பதைப் போன்றது: இடம் குறைகிறது, இறுக்கம் கூடுகிறது. அகலமான சேணம் முன்பக்கம் தாழ்ந்தால் அதைத் தூக்கி நிறுத்த, உள்ளே தகடுகள் செருகும் பைகளுள்ள விரிப்புகள் இருக்கின்றன. குதிரை உடல் தேறும்வரை அவை உதவும். நிரந்தரத் தீர்வு என்று அவற்றை நம்பக்கூடாது. குறுகலான சேணத்தையோ எந்த விரிப்பாலும் அகலமாக்க முடியாது.

அடுத்து வடிவம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் தோள்மேடு உயர்ந்து நிற்கிறது. விரிப்பின் மேல்விளிம்பு அந்த மேட்டையும், பின்னால் வரும் பள்ளத்தையும் ஒட்டி வளைந்து தைக்கப்பட்டிருப்பது நல்லது. நேர்கோடாகத் தைத்த விரிப்பு, சவாரியின்போது மெல்லப் பின்னுக்கு நழுவி, தோள்மேட்டின் மீது இழுத்துக் கட்டிய கயிறுபோல இறுகிவிடும். எல்லாப் பக்கங்களிலும் சேணத்தைவிடச் சில சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கும் அளவையே வாங்க வேண்டும். விரிப்பின் கரைத்தையல் சேணத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அந்த ஒரு தையலே புண்ணுக்குப் போதும்.

விரிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். உரிய இடத்துக்குச் சற்று முன்னால் வைத்து, மயிர் படியும் போக்கிலேயே பின்னுக்கு இழுக்க வேண்டும். முன்னுக்குத் தள்ளினால் மயிர் எதிர்த்து நின்று உறுத்தும். சேணத்தை வைத்த பிறகு, வார் இறுக்குவதற்கு முன், இரு விரல்களால் விரிப்பின் முன்பகுதியைத் தூக்கிச் சேணத்தின் நடுப்பள்ளத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். குனிந்து பார்த்தால் முதுகெலும்புக்கு மேல் ஒரு சிறு சுரங்கம்போல வெளிச்சம் தெரிய வேண்டும். காற்றும் அதன் வழியே போய்வரும்.

பொருள்களில் கம்பளிக்கு ஈடு இன்னும் வரவில்லை என்பது என் துணிபு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் அது ஈரமாகத் தோன்றாது. அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும். பருத்தி துவைக்க எளிது. நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும், ஆனால் வெப்பத்தை வெளியே விடாது. ஜெல், ஃபோம் ஆகியவற்றில் தரம் பெரிதும் வேறுபடும். கையால் அழுத்தும்போதே அடித்தளம் தட்டுப்படும் ஃபோம், ஏறுபவரின் எடையைத் தாங்காது.

சவாரி முடிந்து விரிப்பை எடுத்தவுடன் முதுகைப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒரே சீராக வியர்வை படர்ந்திருந்தால் நல்லது. நடுமுதுகின் பள்ளம் உலர்ந்திருப்பது இயல்பு. வியர்வைக்கு நடுவே உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு தென்பட்டால், அங்கே அழுத்தம் மிகுந்திருக்கலாம், அல்லது சேணம் தொடாமலே இருந்திருக்கலாம். அவ்விடத்தை விரலால் அழுத்தும்போது குதிரை முதுகைத் தாழ்த்தி விலகினால் மிகுந்த அழுத்தமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மயிர் கலைந்திருந்தால் விரிப்பு நழுவியிருக்கிறது. பழைய அழுத்தக் காயத்தில் பின்னர் வெள்ளை மயிர் முளைப்பதும் உண்டு.

எழுதுமுறை பற்றி ஒரு குறிப்பு. புணர்ச்சி இலக்கணப்படி ‘சேணவடிவிரிப்பு’ என்று சேர்த்தால், ‘சேண வடிவு’ என்று கண் பிரித்துப் படித்துவிடும். ஆகவே ‘சேண அடிவிரிப்பு’ என்று பிரித்தே எழுதலாம். நம்னா வகையைத் தனித்துக் குறிக்கையில் ‘சேணவடிவ அடிவிரிப்பு’ என்பது பொருந்தும்.